கெட்டுவள்ளத்தில் ஒரு ராச்சாப்பாடு

எங்கள் தளிப் பக்கத்தில் தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர். அதை விட்டால் போர் தண்ணீர். வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று செல்லப் பெயர் வைத்த ஊர் இது. குளிர்ச்சி உண்டு, ரோஜாத் தோட்டங்கள் உண்டு, வீட்டுக்கு வீடு ராகிக் களி உண்டு. படகு மட்டும் கிடையாது! ஒகேனக்கல் போனால் பரிசல் ஏறலாம். ஆனால் பரிசலில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? கரைக்கு வந்த பிறகுதான் வறுத்த மீன். அதனால்தான், "படகிலேயே சமைத்து, படகிலேயே பரிமாறுவார்களாம்" என்று ஆலப்புழையைப் பற்றி என்னவர் சொன்னதும், குழந்தைகளைவிட எனக்குத்தான் ஆசை அதிகமாயிற்று.

அத்தைக்கு மட்டும் தயக்கம். சர்க்கரை வியாதிக்காரர். ராத்திரி ராகிக் களி இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு கிலோ ராகி மாவு எடுத்துக்கோ, போதும்" என்றார். எடுத்துக்கொண்டோம். ஓசூரில் எர்ணாகுளம் இன்டர்சிட்டியைப் பிடித்து, இரவு எர்ணாகுளத்தில் தங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் ஆலப்புழை. பகல் பன்னிரண்டு மணிக்குப் படகில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை ஒன்பது மணிவாக்கில் இறக்கிவிடுவது அங்கே வழக்கம்.

படகைப் பார்த்ததும், 'இது வீடா, ஓடமா?' என்றுதான் தோன்றியது. மூங்கிலும் பாயும் வேய்ந்த வளைந்த கூரை, உள்ளே இரண்டு அறை, முன்னால் சாப்பாட்டு மேஜை, பின்னால் அடுக்களை. கெட்டுவள்ளம் என்று பெயர். கெட்டு என்றால் நம்முடைய கட்டுதான். அயினி மரப் பலகைகளை ஓர் ஆணிகூட அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிக் கட்டியே உருவாக்குவார்களாம். தண்ணீர் புகாமலிருக்க மீன் எண்ணெயும், முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயும் பூசுவார்கள். துணிக்குத் தையல் போடுகிற நமக்கு, மரத்துக்குப் போட்ட தையலைப் பார்க்க ஆச்சரியமாக இருக்காதா? அந்தக் காலத்தில் குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் கொச்சிக்கு ஏற்றிச் சென்றவை இந்த வள்ளங்கள்தாம். பெரிய வள்ளம் முப்பது டன் வரை சுமக்குமாம். பாலங்களும் லாரிகளும் வந்த பிறகு அவற்றுக்கு வேலை போயிற்று. 1990களின் தொடக்கத்தில்தான் யாரோ புத்திசாலிகள் அதன்மேல் அறை கட்டி, சுற்றுலாக்காரர்களை ஏற்றினார்கள். இப்போது ஓடுகிறவற்றில் பழைய வள்ளங்கள் குறைவு. அதே சாயலில் புதிதாகக் கட்டியவைதான் அதிகம். கழி ஊன்றித் தள்ளிய காலமும் போய்விட்டது. எல்லாம் இன்ஜின்!

ஏறியவுடன் நான் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் எங்கே?" என்பதுதான். என்னவர், "வந்ததும் வராததுமா ஏன் பயமுறுத்தறே?" என்றார். பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? 1924 ஜனவரியில் மலையாள மகாகவி குமாரன் ஆசான் இறந்தது ஆலப்புழைக்குத் தெற்கே பல்லனையில் நடந்த படகு விபத்தில்தான். 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன படகு இதே வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு அந்தி நேரத்தில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். எங்கள் படகில் பெரியவர்கள் அளவுதான் இருந்தது. சின்னவளுக்குப் போட்டால் தலைவழியே கழன்று வந்துவிடும். "சின்னது கிடைக்கிற வரைக்கும் படகை எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். முகம் சுளிக்காமல் பக்கத்துப் படகிலிருந்து இரண்டு வாங்கி வந்தார்கள். கால் மணி நேரம் தாமதம், அவ்வளவுதானே! தாய்மார்களே, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகிலேயே எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். படகின் ஓரத்துக்குத் தடுப்பு அதிக உயரமில்லை. நடக்கப் பழகும் குழந்தை இருந்தால், ஒருவர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படகு நகர்ந்தது. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் வயல். வயல் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கிறது! கடல் மட்டத்துக்கும் கீழே வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டு நெல் பயிரிடுகிறார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த ஊர்கள் முழுகியபோது, சுற்றுலாப் படகுகளும் ஜனங்களை ஏற்றிக் கரை சேர்த்தனவாம். கரைப் படிகளில் பெண்கள் பாத்திரம் தேய்க்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். போகிற வருகிற படகுகளிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் நாம் துவைக்கும்போது இப்படி யாராவது எடுத்தால் சும்மா இருப்போமா? பிள்ளைகளிடம் போனை உள்ளே வைக்கச் சொன்னேன். அந்தப் பெண்கள் தேய்க்கிற தண்ணீரில்தான் படகுகளின் கழிவும் கலக்கிறது என்று ஊர்க்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். எங்கள் பிஸ்கட் தாளையெல்லாம் ஒரு பையில் கட்டி, கரைக்கே கொண்டுவந்துவிட்டோம்.

நாலு மணிக்கு டீயும் சூடான பழம்பொரியும். பிறகு ஒரு மீன்கடை ஓரமாக நிறுத்தினார்கள். கரிமீனும் பெரிய ஆற்றுக்கொஞ்சும் துள்ளுகின்றன. கொஞ்சு என்றால் இறால். விலையைக் கேட்காமல் தராசில் போடவிடாதீர்கள்! வெளியூர்க்காரர் என்றால் ஒரு விலைதான். நான் இரண்டு கரிமீனோடு நிறுத்திக்கொண்டேன்.

சூரியன் இறங்குவதற்குள் படகைத் தென்னைமரத்தில் கட்டிவிடுகிறார்கள். ராத்திரி காயல் மீனவர்களுடையது. அவர்கள் வலை விரித்திருப்பார்கள். அதன்மேல் இன்ஜின் படகு போகக்கூடாது. ராத்திரி முழுக்க மிதந்துகொண்டே போகலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கென்னவோ இன்ஜின் சத்தம் நின்ற பிறகுதான் நிஜமான அழகு தெரிந்தது. காயல் முழுக்கச் செம்பு நிறம். தூரத்தில் ஏதோ கோவிலின் விளக்கு.

அடுக்களையில் சமையல்காரர் கரிமீனைப் பொள்ளித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மீனைக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மிளகு, உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி அரைமணி ஊறவிட்டு, தேங்காயெண்ணெயில் அரை வேக்காடாகப் பொரிக்க வேண்டும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, தக்காளியைச் சுருள வதக்கி, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு இறக்க வேண்டும். தணலில் வாட்டிய வாழையிலையில் பாதி மசாலா, அதன்மேல் மீன், மேலே மீதி மசாலா. மடித்துக் கட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் இலை கருகுகிற வரை போட்டால் ஆயிற்று. கரிமீன் கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் விற்கிற ஜிலேபிக் கெண்டையில் செய்யலாம். ஊருக்கு வந்து நான் செய்துபார்த்தேன், நன்றாகவே வந்தது. குழந்தைகளுக்கு மட்டும் முள் பார்த்துக் கொடுங்கள்.

திரும்பிப் பார்த்தால் அத்தை, மாவு டப்பாவோடு என் பின்னால் நிற்கிறார்! "கொஞ்சம் அடுப்பு விடுவீங்களா தம்பி?" சமையல்காரர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "வாங்கம்மே" என்று ஒதுங்கி நின்றார். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பாலேயே கட்டி தட்டாமல் கிளறி, கை நனைத்து நாலு உருண்டை பிடித்தார். படகு லேசாக ஆடியபோதும் அத்தையின் கை ஆடவில்லை. ராகி என்றாலும் அளவு உண்டு என்று டாக்டர் சொல்லியிருப்பதால், அவருக்குச் சின்னதாக ஒன்று.

மேஜையில் மட்டை அரிசிச் சோறு, சப்பாத்தி, பயறு தோரன், குடம்புளி போட்ட மீன்குழம்பு, இலை பிரித்த கரிமீன், நடுவில் தளிக் களி! குடிக்கப் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த, ரோஜா நிறத் தண்ணீர். புது இடங்களில் குழந்தைகளுக்குக் கொதிக்கவைத்த தண்ணீரே நல்லது. இங்கே கேட்காமலே கொடுத்தார்கள். களியைப் பிட்டு மீன்குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சமையல்காரருக்குப் பாடம் நடந்தது. முதல் கவளத்தில் அவர் கண் பிதுங்கியது. மூன்றாவதில், "கொள்ளாம்!" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தமாம். அத்தை எங்கள் தட்டுகளைக் கழுவ எழுந்தபோது மட்டும் அவர் விடவில்லை. "ஒரு நாள் இருந்துக்கோங்கம்மே" என்று பிடுங்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து தட்டு கழுவாமல் படுத்த ராத்திரி இதுதான் என்று அத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

போக விரும்புகிறவர்கள் மழை கொட்டும் ஜூன், ஜூலையைத் தவிர்த்து, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்வாருங்கள். கொசு உண்டு, கைக்குழந்தைக்குச் சின்ன வலை அவசியம். படகு வாடகை கட்டுப்படியாகாதவர்கள், ஆலப்புழையிலிருந்து கோட்டயம் போகும் அரசுப் படகில் சொற்பக் கட்டணத்தில் இதே காயலைப் பார்க்கலாம். சாப்பாடு மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும். கடைத்தெருவில் குடம்புளி வாங்க மறக்காதீர்கள். நல்ல கறுப்பாக, புகை வாசனையோடு, லேசாகப் பிசுபிசுத்தால் நல்ல சரக்கு.