மெலிஞ்சுட்டே, சூப்பர்!

கல்யாணத்துல எல்லாரும் அவளை இப்படித்தான் பாராட்டுனாங்க.
ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற பொண்ணு.

பந்தியில சோறு இலைக்குள்ளயே இடம் மாறுது, குறையல.
கேட்டா விரதமாம். போன தடவை அல்சர்னா.
சித்திரை வெயில்லயும் கை ஜில்லுனு இருக்கு.
முடி கொத்துக் கொத்தா கொட்டுதாம். பீரியட்ஸ் நின்னு மாசக்கணக்கு ஆச்சாம்.

டாக்டர் தோழிகிட்ட சொன்னேன்.
"அனோரெக்சியாவா இருக்கலாம், சாப்பாட்டையே ஒதுக்க வைக்கிற மனநோய், தள்ளிப்போடாதே"ன்னா.

பாடகி கேரன் கார்பென்டர் இதுல இதயம் பாதிச்சு 1983ல இறந்தப்போ வயசு 32தான்.

சாப்பிட்டதும் பாத்ரூம் போய் வாந்தி எடுக்குற பொண்ணுங்களும் இருக்காங்க. பலருக்கு எடை சாதாரணமாத்தான் இருக்கும், அதனால வெளியே தெரியாது. ஆனா பல் எனாமல் கரையும். பொட்டாசியம் குறைஞ்சா இதயத் துடிப்பே தடுமாறும்.

மனநல உதவிக்கு போன் பண்ண டெலி மானஸ், 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அவ அம்மா இன்னும் "டயட்டு"ன்னு பெருமையாச் சொல்றாங்க.
அவங்ககிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது? யாராவது பேசியிருக்கீங்களா?