செம்பரம்பாக்கம் ஏரியும் ரப்பர்த் தவளையும்

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சிறிது தூரம் சென்று இடப்புறம் திரும்புவீர்களானால், செம்பரம்பாக்கம் ஏரியின் நீண்ட கரை உங்கள் கண்முன் விரியும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட பெரும் நீர்நிலை இது. 2015 டிசம்பரில் இதன் உபரி நீர் அடையாற்றில் பாய்ந்த நாட்களைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007-ல் இங்கு தொடங்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் உடையது. நம் வீட்டுக் குழாயில் வரும் நீரும், நாம் ஒளூச் செய்யும் நீரும் இந்த ஏரியினுடையதாக இருக்கலாம்.

இந்த வட்டாரத்து ஏரிகளிலும் குளங்களிலும் விரால் வாழ்கிறது. நோயிலிருந்து தேறுவோருக்கு நம் வீடுகளில் ஆக்கித் தரும் அதே விரால்தான். ஆகாயத்தாமரையின் நிழலில் அசையாமல் கிடந்து, இரை நெருங்கியதும் பாய்ந்து கவ்வுவது அதன் இயல்பு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள 'பைக்' என்னும் மீன் விராலுக்கு உறவில்லை. ஆனால் வேட்டையாடும் முறை இரண்டுக்கும் ஒன்றே. எனவே பைக் பிடிப்போரின் மென்மையான போலி இரைகள் நம் விராலுக்கும் பொருந்தி வருகின்றன. அமெரிக்காவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் செய்த பிளாஸ்டிக் புழுவே இவ்வகை இரைகளுக்கு முன்னோடி.

நம் நாட்டில் உயிருள்ள சிறு தவளையை முள்ளில் கோத்து விராலுக்கு விடுவது நெடுநாள் வழக்கம். முள் ஏறிய தவளை துடிக்கத் துடிக்க, விரால் விரைந்து வரும். இங்கே ஒரு கணம் நின்று சிந்தியுங்கள். மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி மருத்துவர் ஒருவர் வினவியபோது, அதனைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருந்துக்கே தடுக்கப்பட்டதைப் பொழுதுபோக்குக்குச் செய்யலாமா? வயற்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் உயிர் தவளை. அதன் கால்களை ஏற்றுமதி செய்வதை இந்தியா 1987-ல் நிறுத்தியதை நீங்கள் அறிந்திருக்கலாம்.

ரப்பர்த் தவளை இந்தக் கொடுமைக்கு ஒரு மாற்று. கடையில் வாங்கியபடியே வீசினால் அது பல வேளைகளில் ஏமாற்றும். சிறிது திருத்தினால் நன்கு பயன் தரும். பின்னால் தொங்கும் இழைக்கால்கள் மிக நீளமாக இருந்தால் மீன் அவற்றை மட்டும் கவ்வி விட்டுவிடும். ஆகவே அவற்றைக் கத்தரித்துச் சிறிது குறையுங்கள். இரட்டை முள்ளின் நுனிகளைக் குறடால் மிகச் சிறிதளவு வெளிப்புறம் வளையுங்கள். அதிகம் வளைத்தால் செடியில் மாட்டிக்கொள்ளும். வயிற்றில் நீர் புகுந்தால் பிழிந்து வெளியேற்றுங்கள். கிழிசலை வளையும் தன்மையுள்ள பசையால் ஒட்டுங்கள். வெவ்வேறு வகைப் போலி இரைகளை ஒரே பெட்டியில் கலந்து வைக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று பட்டால் இளகி உருகிவிடும்.

தொலைவாக வீசுவதற்குத் தவளையின் வயிற்றில் எடை வைப்பதுண்டு. அதற்கு ஈயக்குண்டு வேண்டாம்; சிறிய இரும்புக் குண்டே போதும். இங்கிலாந்தில் ஈயத்தை விழுங்கிய அன்னப்பறவைகள் மாண்டதனால், ஈயத் தூண்டில் எடைகளுள் பெரும்பாலான அளவுகள் 1987-ல் தடை செய்யப்பட்டன. குடிநீர் ஏரியின் கரையில் நிற்கும் நமக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

தவளையைக் காத்த இரக்கம் மீனிடத்திலும் தொடர வேண்டும். நீரின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளுவதைக் கண்டால், அவற்றைக் காத்தபடி தாய் தந்தை விரால்கள் அடியில் நிற்கின்றன என்று அறியுங்கள். அவ்வேளையில் ரப்பர்த் தவளையை வீசினால் மீன் சீறி வந்து கவ்வும். பசியால் அன்று, பிள்ளைகளைக் காப்பதற்காக. அந்த மீனைப் பிடித்தால் அத்தனை குஞ்சுகளும் அநாதைகளாகி, பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கிருந்து விலகிச் சென்று வேறிடம் தேடுவதே முறை.

தாய்மார்களே, தந்தையரே! விடுமுறையில் உங்கள் மகன் தூண்டிலோடு புறப்பட்டால் தடுக்க வேண்டாம். நீரின் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டதே. ஆனால் மீன்பிடிக்க அவ்விடத்தில் அனுமதி உண்டா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். மதகின் அருகே போகவேண்டாம் என எச்சரியுங்கள். உண்ணும் அளவுக்கு மேல் பிடிக்கலாகாது என்று கற்பியுங்கள். அறுந்த நரம்பும் கிழிந்த ரப்பரும் கரையில் கிடந்தால் கொக்கும் நீர்க்காகமும் சிக்கிக்கொள்ளும். அவற்றைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மாலையில் அவன் திரும்பியதும், எத்தனை மீன் என்று கேட்பதற்கு முன் அந்தப் பையைக் காட்டச் சொல்லுங்கள்.