வாகனமும் வளையும்

எங்கள் பக்கத்தில் எலிக்கு ரெண்டு மதிப்பு. கல்லில் இருந்தால் வாகனம், கும்பிட வேண்டும். வளைக்குள் இருந்தால் சேரி ஆளைக் கூப்பிட வேண்டும். குன்றைக் குடைந்து செய்த பிள்ளையார்பட்டிக் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சதுர்த்திக்கு முக்குறுணி மோதகம் படைக்கிறார்கள். ஆனால் எலியை எலியாக அறிந்தவர்கள் யாரென்று கேட்பாரில்லை. எங்கள் அப்பத்தாவும் அய்யாவும் அறிந்தவர்கள்.

"எல்லாத்தையும் எலின்னு ஒரே வாய்ல சொல்லாத ஆத்தா, புழுக்கயப் பாரு" என்பார் அப்பத்தா. அரிசி அளவில் முனை கூராய்க் கிடந்தால் சுண்டெலி. அரை அங்குலம் இருந்தால் கூரையில் ஓடும் வீட்டெலி. கொல்லையில் சுவரடியில் மண்ணைக் குவித்துப் போட்டிருந்தால் பெருச்சாளி. நீண்ட மூக்கோடு, நாற்றமடித்து, கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. "அத அடிக்காத, அது கரப்பாந்திங்கிற சாதி" என்பார். மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் உயிர் என்று விலங்கியல் சொல்கிறது. பிள்ளையாரின் வாகனத்தையே மூஞ்சூறு என்று சொல்கிற ஊரில், அதற்கும் எலிக்கும் வேறுபாடு சொன்னவர் எழுத்தறியாத அப்பத்தா.

அய்யாவைப் பெரிய வீடுகளில் கூப்பிடுவார்கள். பாதி வருசம் பூட்டிக் கிடக்கும் வீடுகள். அவர் பொறியை நடு அறையில் வைக்க மாட்டார். எலி வெட்டவெளியில் நடக்காது, சுவரை ஒட்டித்தான் போகும். அதனால் பொறியின் வாய் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டுவார். பிடித்தபின்தான் உண்மையான வேலை. ஓட்டைகளைக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் போட்டு அடைப்பார். பென்சில் நுழைகிற இடைவெளி சுண்டெலிக்குப் போதும். அதை அடைக்காமல் எத்தனை பிடித்தாலும் வீண்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு வீட்டில் கூடப் போயிருக்கிறேன். கொல்லை வாசல் வழியாகத்தான் போனோம். வேலை முடிந்ததும் ரெண்டு படி அரிசியைத் திண்ணையில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது அவர்கள் வீட்டுப் பொறிதான். அய்யா கைபட்டதால் தண்ணீர் தெளித்து எடுத்துப்போனார்கள். எலி செத்த தீட்டு இல்லை அது. எலி அவர்கள் நெல்லைத் தின்றது. தீட்டானது அய்யாவின் கை. திரும்பும்போது அய்யா ஒன்றும் பேசவில்லை. தெருமுனை வந்ததும், "நீ படி" என்றார். அவ்வளவுதான். நான் எம்.ஏ. தமிழ் முடித்தேன்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பீகாரில் ஒரு தலித் சாதிக்கு எலி தின்பவர் என்பதே பெயர்: முசஹர். வடதமிழகத்து இருளர் வயல் எலி பிடிப்பதில் வல்லவர்கள். மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார்கள். உதடும் கையும் வேகும், நெஞ்சு புகையும். 2003இல் உலக வங்கிப் பரிசு பெற்ற ஒரு திட்டத்தில்தான் கையால் சுற்றும் எஃகுக் கருவி வந்தது. நூற்றாண்டுகளாக ஊரின் நெல்லைக் காத்தவர்களின் வாய் வெந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. மும்பை மாநகராட்சி எலி கொல்ல இரவு ஆட்களை வைத்தது. ஒருவர் ஒரு ராத்திரிக்கு 30 எலி கணக்குக் காட்டவேண்டும்.

பொறியும் ஆளும் வேண்டாம், பசை போதும் என்று ஒரு காலம் வந்தது. பெட்டிக்கடையில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது எலிப்பசை. அதில் இருந்தது மஞ்சள் பாஸ்பரஸ். தின்றவர் முதல் ரெண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பிறகு கல்லீரல் போகும். முறிவு மருந்து கிடையாது. எங்கள் தெருவில் ரெண்டு இளம்பெண்கள் இப்படித்தான் போனார்கள். மருத்துவர்கள் பல ஆண்டு சொன்ன பிறகு தமிழ்நாடு அரசு தடை செய்தது. இன்னும் எந்தக் கடையிலாவது கண்டால் விடாதீர்கள், புகார் கொடுங்கள்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? அரிசியைத் தகர டின்னில் வையுங்கள். ராத்திரி எச்சில் பாத்திரத்தைப் போடாதீர்கள். ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்துப் பூசுங்கள். பொறியைச் சுவரோரம் வையுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஆனால் கூரைவீட்டுக்காரி எந்த ஓட்டையை அடைப்பாள்? கூரையே ஓட்டை. ஊர்க் குப்பையைக் காலனி ஓரத்தில் கொட்டிவிட்டு, "அவங்க சுத்தமில்ல, அதான் எலி" என்கிறார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் வெடிப்பு வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். அந்தத் தண்ணீரில் முதலில் இறங்குகிறவர் சாக்கடை அள்ளும் நம் ஆள். அவருக்குப் பூட்சும் கையுறையும் கொடுத்திருக்கிறார்களா?

வருகிற கிராமசபையில் இதைக் கேளுங்கள். குப்பை ஏன் எங்கள் பக்கம் வருகிறது, குப்பை வண்டி ஏன் வருவதில்லை? கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.