தேசிக்காய்க் குறிப்பு

ஈச்சிலம்பற்றில் அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய பேத்திக்குப் பற்கம்பி கழற்றி ஒரு மாதம். கம்பி ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தாள்.

வேப்பம்பட்டையும் கடுக்காயும் அவித்த நீரில் தேசிக்காய் பிழிந்து, இருவேளையும் கொப்பளிக்கக் கொடுத்து வந்தார் அக்கா. "நீ பேப்பரில போட்டதுதானே தம்பி" என்று பழுப்பேறிய நறுக்கொன்றை நீட்டினார். வாரப் பதிப்பின் மூலையொன்றை நிரப்ப, யாரிடமும் கேளாமல் நான் எழுதிய குறிப்பு அது. 2006இல் இடம்பெயர்ந்து வாகரைப் பக்கம் போனபோதும் அதைக் கொண்டுபோய்த் திரும்பியிருக்கிறார்.

அந்தத் திட்டுகள் கறையல்ல. கம்பியோரம் படிந்த அழுக்கில் வாழும் பக்டீரியாக்களின் அமிலம், எனாமலின் கனிமத்தைக் கரைத்த தடங்கள். வேம்பு அழுக்குப் படிவைக் குறைக்கக்கூடும். கரைந்ததைத் திருப்பித் தராது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து கறையேற்றவும் கூடும். தேசிக்காயோ தானே அமிலம், இருப்பதையும் அரிக்கும். புளோரைட் பற்பசையும் உமிழ்நீரும் மாதக்கணக்கில் ஓரளவு சீர்செய்யும். எஞ்சியதைப் பல் வைத்தியரே பார்க்க வேண்டும்.

"தேசிக்காயை விடுங்க அக்கா. நான் எழுதினது பிழை" என்றேன். நறுக்கைத் திருப்பிக் கேட்டேன்.

"அதில உன்ட பேர் கிடக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

பேத்தியின் கொப்பளிப்பு நின்றது. நறுக்கை வைத்திருக்கும் ஏனைய வீடுகளுக்கு யார் சொல்வது? அதற்காகவே இதை எழுதுகிறேன்.