விரிசலுக்கு வவுச்சர் உண்டா?

வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு மடிப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். நண்பனின் புது வீடு. கிரகப்பிரவேசம் முடிந்து எட்டே மாதம். ஹால் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு விரிசல். என் விரல் நகம் உள்ளே போனது!

"வெறும் பூச்சு வெடிப்பு சார், பட்டி பார்த்தா சரியாப் போயிடும்" என்றாராம் கட்டிக்கொடுத்தவர்.

"ரெண்டு தடவை பார்த்தாச்சுடா. அதே இடத்துல வாயைப் பிளக்குது. அம்மா கட்டிலை இடம் மாத்திட்டேன்."

இந்தப் பக்கம் பல தெருக்களுக்கு அடியில் களிமண். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே நிற்கும் வீடு என்ன செய்யும், பாவம்! இத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குடம்போல் அகலும் 'அண்டர்ரீம் பைல்' இருக்கிறது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை.

"உன் வீட்டுக்குப் போட்டாங்களா?"

ஃபைலைப் புரட்டினான். பத்திரம், பட்டா, பிளான், பேங்க் லோன் பேப்பர், கிச்சன் கேட்லாக்கூட இருந்தது. மண் பரிசோதனை அறிக்கை இல்லை. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லை. கேட்டால், 'மேஸ்திரிக்குத் தெரியும்.' மேஸ்திரி ஊரில் இல்லை.

இத்தனைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பி.காம். வவுச்சர் இல்லாமல் டீச் செலவைக்கூட பாஸ் பண்ணாதவர்கள்!

2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் போனார்கள். சொல்ல வாயெடுத்தேன். உள்ளே அம்மா இருமினார். விழுங்கிவிட்டேன்.

"நாளைக்கே வேற ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயரைக் கூப்பிடு" என்றேன்.

தலையாட்டிவிட்டு, விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டான். தேதி எழுதி, இனிஷியலும் வைத்தான். அந்த அஸ்திவாரத்துக்கு இருக்கும் ஒரே ரிக்கார்டு அதுதான்.