மணிக்கணக்கும் மனைக்கணக்கும்

மேற்படிப்புக்காகக் கடல் கடந்து சென்றோர் என்றதும், வேறு கவலையின்றிப் புத்தகமும் கையுமாய்த் திரியும் இளைஞரே நம் மனக்கண்முன் தோன்றுவர். உத்தியோகமும் குடும்பமும் உடைய ஒருவர் அந்நிய நாட்டில் பகுதிநேரமாகப் படிப்பது முற்றிலும் வேறான விடயம். அதில் நான் பெற்ற அனுபவம், அவ்வழியை நாடும் சகோதர சகோதரியர்க்குப் பயன்படலாம் என்று எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்ற நான், திருமணத்தின் பின் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் குடியேறினேன். அங்கே மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் கணக்குப் பகுதியில் எனக்கு வேலை. 2021 செப்டெம்பரில், ஏறத்தாழ அரை மணித்தியாலப் புகையிரதப் பயணத் தூரத்திலுள்ள ஒல்ரன் நகரில், வணிகத் தகவலியல் முதுமாணிக் கற்கைநெறியிற் சேர்ந்தேன்.

வணிகத் தகவலியல் வெறும் கணினிப் பாடமன்று. வணிகம் அறிந்தோருக்கும் கணினி அறிந்தோருக்கும் இடையே நின்று, இருசாராரின் பேச்சையும் விளங்கிக்கொள்ளும் துறை அது. 1970களில் ஜெர்மன்மொழி வழங்கும் நாடுகளிலே தனித்துறையாக உருப்பெற்றது. வாடிக்கையாளரின் கட்டளை வந்தது முதல், களஞ்சியத்தில் பொருள் உண்டா எனப் பார்த்து, அனுப்பி, பணம் பெறும்வரை நிகழும் ஒவ்வொரு செயலையும் படமாக வரையப் பழக்குவார்கள். தொடக்கத்துக்கு வட்டம், செயலுக்கு முனை மழுங்கிய பெட்டி, தீர்மானத்துக்குச் சாய்சதுரம், ஒவ்வொரு பகுதியாருக்கும் தனித்தனிப் பட்டை. வேலை எவரிடம் குவிந்து கிடக்கிறது என்பது அப்படத்தில் தெரிந்துவிடும். அதன் பின்னரே கணினியைப் பற்றிப் பேச்சு.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பின் அளவைப் புள்ளிகளால் கணக்கிடுவர். சுவிற்சர்லாந்தில் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 30 மணித்தியால உழைப்பு. எங்கள் கற்கைநெறிக்கு 90 புள்ளிகள். அதாவது 2,700 மணித்தியாலங்கள். மூன்றாண்டுகளில் முடிப்பதாயின் வாரத்துக்கு 17 மணித்தியாலங்கள். அந்நாட்டில் உத்தியோகத்தையும் நூற்றுவீதத்திலேயே சொல்வார்கள். 42 மணித்தியால வாரத்தில் 60 வீத வேலையைக் கேட்டுப் பெற்றேன். அது 25 மணித்தியாலங்கள். இரண்டையும் கூட்டினால் மீண்டும் 42! கணக்கு அழகாக ஒத்துவந்தது. சமையலும் பிள்ளைகளும் மாத்திரம் அக்கணக்குக்கு வெளியே நின்றன.

அங்கே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் பலர் மதிய உணவுக்கு வீட்டுக்கு வருவர். நான் ஒல்ரனில் விரிவுரை கேட்கும் இரு நாட்களிலும், எம்மோடு வாழும் மாமியே பிள்ளைகளுக்குச் சோறிட்டார். 2023 தை மாதத்தில் அவருக்கு முழங்கால் வருத்தம் முற்றி, நெடுநேரம் நிற்கலாகாது என வைத்தியர் பணித்தார். படிப்பைக் கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது.

“என்னாலே உன் படிப்பு நிற்கக்கூடாது, பிள்ளை” என்றார் மாமி. ஆயினும் அவருடைய நோவின்மேல் நின்று பட்டம் பெற எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் வரையும் அதே படத்தை எங்கள் வீட்டுக்காக வரைந்தோம். கணவர், மாமி, மகள், மகன், நான் என ஐந்து பட்டைகள். மாமியின் பட்டையிலே 18 பெட்டிகள். சம்பளம் பெறும் எங்கள் இருவரின் வீட்டு வேலைகளைச் சேர்த்தாலும் அத்தனை இல்லை. என் கணவர் அதைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, என் வகுப்பு நாட்களின் சமையலைத் தம் பட்டைக்கு மாற்றினார். மதிய உணவளித்துப் பராமரிக்கும் நாட்பள்ளியில் அவ்விரு நாட்களுக்கும் பிள்ளைகளைச் சேர்த்தோம். மூத்தவள் துணி மடிக்கும் வேலையைத் தானே கேட்டு எடுத்துக்கொண்டாள். நான் அத்தவணையில் 15 புள்ளிகளுக்குப் பதிலாக 9 புள்ளிகளுக்கே படித்தேன். பட்டம் அரையாண்டு தாமதித்து, 2025இன் தொடக்கத்திற் கிடைத்தது.

இன்று அதே நிறுவனத்தில் கணக்குப் பகுதிக்கும் கணினிப் பகுதிக்கும் இடையே நின்று வேலை செய்கின்றேன். சம்பளம் உயர்ந்தது உண்மை. 60 வீத காலத்தில் இழந்ததை ஈடுசெய்ய இன்னும் சில ஆண்டுகள் செல்லும்.

பகுதிநேரப் படிப்பை எண்ணுவோர் முதலிற் கட்டணத்தையே விசாரிக்கின்றனர். அதற்கு முன் வீட்டார் அனைவரையும் கூட்டி, மணித்தியாலங்களை எண்ணிப் பாருங்கள். நீங்கள் விடும் வேலை எவர் தோளில் ஏறும்? அவர் மனமுவந்து சம்மதிக்கிறாரா? அவர் நோயுற்றால் மாற்றுவழி யாது? தேவை ஏற்படின் ஒரு தவணையில் பாடங்களைக் குறைத்துக்கொள்ள இடமுண்டா எனப் பல்கலைக்கழகத்திடமும் எழுத்திற் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றுக்கு விடை கண்டபின் விண்ணப்பத்தை நிரப்பலாம்.