ஆறு யூரோ வைனும் எங்கட பனங்கள்ளும்

"ரீச்சர் வைன் குடிக்கிறாவோ?" என்று ஊரில் இருந்து யாராவது கேட்பீர்கள். ஓம், குடிக்கிறேன். சனி, ஞாயிறு இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ். பென்சன் எடுத்து, பாரிஸுக்குப் பக்கத்தில் மகளோடு வந்து இருக்கத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம். பலர் உள்பெட்டியில் கேட்டபடியால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் மருமகன் முப்பது, நாற்பது யூரோவுக்குப் போத்தல் வாங்குவார். வருகிறவர்களும் ருசியைவிட விலையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். கீழ்மாடியில் ஒரு மதாம் இருக்கிறா. எண்பது வயது, அவவும் பள்ளி ஆசிரியையாக இருந்தவ. ஒருநாள் ஆட்டிறைச்சிக் கறிக்குக் கூப்பிட்டோம். ஒரு போத்தலோடு வந்து, "சுப்பர்மார்க்கெட்டில் வாங்கினது, ஆறு யூரோகூட இல்லை, ஆனால் நல்லது" என்று தானாகவே சொன்னா. அந்த வைனின் பெயர் கொர்பியேர்.

கறுத்த சிவப்பு. வாயில் வைத்தால் தண்ணீர் போல ஓடாது, கனதியாக நிற்கும். விழுங்கிய பிறகு நாவல்பழம் தின்றது போல நாக்கில் ஒரு துவர்ப்பு. பிரான்ஸின் தெற்கே, ஸ்பெயின் எல்லைப் பக்கமாக, வெயிலும் காற்றும் கல்லும் நிறைந்த மலைப்பகுதியில் இது விளைகிறது. கரிஞ்ஞான், கிறெனாஷ், சிரா என்ற திராட்சைகளைக் கலந்து செய்வார்கள். வெயில் கூடினால் பழத்தில் இனிப்புக் கூடும். அந்த இனிப்புத்தான் புளித்து அல்ககோலாக மாறுகிறது. அதனால் 13, 14 வீதம் என்று லேபிளில் இருக்கும். போர்தோ அளவுக்குப் பெயர் இல்லாதபடியால் விலை குறைவு. 1985இல்தான் இதற்கு உயர்தர ஊர்ப்பெயர் முத்திரை கிடைத்தது.

எங்கள் சாப்பாட்டோடு குடிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். தூள் கூடப் போட்ட நண்டுக்கறியோடு இது சரிவராது. உறைப்பும் அல்ககோலும் சேர்ந்து தொண்டை எரியும். தூளைக் குறைத்து, மெதுவாக வேகவைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு நல்ல பொருத்தம். இறைச்சியும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும். மற்றது, குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டில் வைன் சூடாகிவிடும். இருபது நிமிடம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

விலை மலிவாக இருந்தும் தரமாக இருப்பது எப்படி என்று மதாமிடம் கேட்டேன். "கூட்டுறவு" என்றா. பிறகு மகளைக்கொண்டு தேடி வாசித்தேன். அந்தத் தென்பகுதியில் மரொசான் என்ற ஊரில் 1901இல் சிறு விவசாயிகள் சேர்ந்து தங்கள் வைனைத் தாங்களே விற்கத் தொடங்கினார்கள். சீனியும் தண்ணீரும் கலந்த போலி வைன் சந்தையை நிரப்பி விலை விழுந்தபோது, 1907இல் இலட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். நார்பொன் நகரில் இராணுவம் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் கலப்படத்துக்கு எதிரான சட்டம் இறுக்கமானது. இன்றைக்கும் அங்கே ஊருக்கு ஊர் கூட்டுறவு வைன்சாலைகள் இருக்கின்றன. நான் குடிப்பதும் அப்படி ஒன்றில் அடைத்ததுதான். எந்த ஊரில் யார் அடைத்தது என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது.

அந்தப் பெயரை வாசித்தபோது எனக்கு வகுப்பு இடாப்புத்தான் நினைவு வந்தது. தை மாதம் புதுப் பிள்ளைகளிடம் தகப்பனின் தொழிலைக் கேட்டு எழுதுவோம். "கமம்" என்று ஒருவன் சத்தமாகச் சொல்வான். "கிளாக்கர்" என்று இன்னொருவன் அதைவிடச் சத்தமாகச் சொல்வான். சில பிள்ளைகள் தலையைக் குனிந்து "கூலி, ரீச்சர்" என்று முணுமுணுப்பார்கள். தகப்பன் விடியற்காலையில் தளைநாரும் முட்டியும் கத்தியுமாகப் பனை ஏறுகிறவர் என்பது எனக்கும் தெரியும், முழு வகுப்புக்கும் தெரியும். சீவல்தொழில் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. சொன்னால் அடுத்த வாங்கில் இருந்து சிரிப்பு வரும். ஏழு வயதிலேயே அதைப் படித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

எங்கட ஊரிலும் கூட்டுறவு இருந்தது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தத் தொழிலாளருக்கு ஒரு வருமானத்தையும் ஒரு நிமிர்வையும் தந்தன. ஆனால் கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த அதே ஆட்கள், இறக்கியவரை முற்றத்துக்கு இங்கால் வரவிடவில்லை. இன்று அவர்களில் சிலர் இங்கே வைன் கிளாஸைச் சுழற்றி மணந்து பார்த்துப் படம் போடுகிறார்கள். போடட்டும். அதுவும் ஒரு விவசாயி வெயிலில் நின்று உண்டாக்கியதுதான். பனையில் ஏறினவனுக்கு விழுந்து சாகும் பயமும் கூட இருந்தது. இதை மட்டும் யோசியுங்கள்.

இது குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடியால் குடும்பம் அழிந்து, காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். பிரான்ஸிலும் ஒரு காலத்தில் பள்ளிச் சாப்பாட்டு மேசையில் வைன் இருந்தது. 1956இல்தான் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதைத் தடை செய்தார்கள். சின்ன வயதில் தண்ணீர் கலந்து குடித்ததாக மதாம் சொல்லிச் சிரிப்பா. இன்று இங்குள்ள சுகாதாரத் துறை, கிழமைக்குப் பத்துக் கிளாஸைத் தாண்டாதே, நாளுக்கு இரண்டைத் தாண்டாதே, குடியாத நாட்களும் இருக்கட்டும் என்கிறது. மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேளுங்கள். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம்.

என் மாணவர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள். இடாப்பில் "கூலி" என்று எழுதச் சொன்ன பிள்ளைகளும் இதற்குள் இருப்பீர்கள். இப்போது உங்கள் பிள்ளைகள் தாத்தா என்ன வேலை செய்தவர் என்று கேட்டால், பனையின் உயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.